இடது கால் பிரேக்

ரெக்ஸ்டேல், டொராண்டோ
12 நவம்பர் 1973

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை கல்யாணி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். பர்மிங்காம் குளிரில் அண்ணியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலம் கேட்டதா இல்லையா என்று அண்ணி எழுதவே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஜப்பான் மோட்டார் சைக்கிள் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் நம் கடைக்கு வந்தார்கள். ரெக்ஸ்டேல் பக்கம் முழுவதற்கும் ஏஜென்சி தருகிறோம் என்கிறார்கள். ஒரே நிபந்தனை, வாசலில் இருக்கும் உங்கள் ஹால்டன் கம்பெனி போர்டைக் கழற்றிவிட வேண்டும். பிப்ரவரி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் மாப்பிள்ளை அவர்களுக்குக் காபி கொடுத்தார், குளிரைப் பற்றிப் பேசினார், வழியனுப்பிவிட்டு வந்து என்னிடம் சொல்கிறார்: "அதெல்லாம் வண்டியா கல்யாணி? தையல் மிஷின். பட்டனை அமுக்குனா ஸ்டார்ட் ஆகுதாம். அப்புறம் ஓட்டறவனுக்கு என்ன வேலை?"

அண்ணா, அந்தத் தையல் மிஷினைத்தான் ஊரே வாங்குகிறது. இங்கே ஏப்ரலில் பனி கரைந்தால் வியாபாரம், அக்டோபரில் முடிந்தது. உங்கள் கம்பெனியோ ஏப்ரலுக்கு வர வேண்டிய வண்டியை ஆகஸ்டில் அனுப்புகிறது. வந்த வண்டியும் எண்ணெய் சொட்டுகிறது. நான் கேக் சுடுகிற தட்டு இரண்டும் இப்போது ஷோரூமில் வண்டிகளுக்கு அடியில்தான் இருக்கின்றன.

ஒஷாவா கார் தொழிற்சாலையில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு அவர் இந்தக் கடையை எடுத்தது, மச்சான் ஹால்டனில் இருக்கிறார் என்ற தைரியத்தில். நான் சொன்னால் கேட்க மாட்டார். நீங்கள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அந்தத் தொழிற்சாலைக்கு உள்ளேயே உட்கார்ந்து எஞ்சின் படம் வரைகிற மனிதர் நீங்கள். கம்பெனி நிற்குமா விழுமா என்று உங்களுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? விழும் என்றால் அவருக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள்: "ஜப்பான் ஏஜென்சியை எடுத்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை." எனக்கு அது போதும்.

அண்ணியை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
கல்யாணி


பர்மிங்காம்
10 ஜனவரி 1974

அன்புத் தங்கை கல்யாணிக்கு,

அண்ணன் ரகுநாதனின் ஆசிகள். உங்கள் இருவருக்கும் முன்கூட்டியே பொங்கல் வாழ்த்து. உன் கடிதம் நவம்பரிலேயே வந்துவிட்டது. பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. தைலம் நன்றாகக் கேட்டதாம். இன்னொரு பாட்டில் கிடைத்தால் அனுப்பச் சொல்கிறாள் வசுமதி.

இங்கே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களோடு அரசாங்கத்துக்குத் தகராறு. தொழிற்சாலைகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் மின்சாரம். மற்ற நாள்களில் நாங்கள் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, மேஜையை ஜன்னல் ஓரமாக நகர்த்தி வைத்துக்கொண்டு வரைகிறோம். விரல் விறைத்துப்போனால் கோடு நேராக வருவதில்லை. மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கிவிடுகிறது.

புது மாடல் வேலையும் நடக்கிறது. மூன்று சிலிண்டர். மாப்பிள்ளை சிரிக்கலாம், அதிலும் பட்டன் உண்டு. எண்ணெய் ஒழுகாது. அவரிடம் சொல், சந்தோஷப்படுவார். டொராண்டோவில் ரோட்டுக்கு உப்புப் போடத் தொடங்கியிருப்பார்கள். கடையில் நிற்கும் வண்டிகளின் குரோமியத்தில் லேசாக எண்ணெய் பூசி வைக்கச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ரகுநாதன்


ரெக்ஸ்டேல்
28 ஜனவரி 1974

அன்புள்ள அண்ணாவுக்கு,

கல்யாணியின் வணக்கம். இருவரும் சௌக்கியம். தைலம் தனிப் பார்சலில் வருகிறது.

இருட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், விரலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், குரோமியத்தைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்ட ஒரு வரி எங்கே, அண்ணா? புது மாடல் என்ற வார்த்தையைப் பார்த்ததும் இவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கடிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்க் கடையில் குகதாசனுக்குப் படித்துக் காட்டினார். குகதாசன் எங்கள் மெக்கானிக், யாழ்ப்பாணத்துக்காரர், நான்கு பிள்ளைகளின் தகப்பன். இவர் முன்னால் தலையாட்டிவிட்டு, இவர் அந்தப் பக்கம் போனதும் என்னிடம் சொன்னார்: "அக்கா, அண்ணை நம்புறார். நான் நம்பேல்லை. உந்தப் புது மாடல் எண்டு நாலு வருசமா ஒரே படத்தைத்தானே அனுப்பிக்கொண்டிருக்கிறாங்கள்."

எனக்குப் பயமாக இருக்கிறது. நான் இன்ஷூரன்ஸ் ஆபீசில் டைப் அடித்துக் கொண்டுவருவதில் இந்தக் கடையையும் வீட்டையும் சேர்த்து இழுக்க முடியாது. பிப்ரவரி முடிய இன்னும் நாள் இருக்கிறது. எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால் ஒரு தந்தி கொடுங்கள்.

கல்யாணி


பர்மிங்காம்
22 பிப்ரவரி 1974

அன்புத் தங்கைக்கு,

நலமே. அங்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

மாப்பிள்ளை விவரம் தெரிந்தவர். அவருடைய தொழிலில் நான் எப்படித் தலையிடுவது? கனடாவில் எத்தனை கடைகள் நம்மோடு நிற்கின்றன என்று கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் பாங்கில் கேட்பதாக மேலே இருப்பவர்கள் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். ஒவ்வொரு போர்டும் முக்கியம் என்றார்கள். என்னோடு இந்த ஆபீசில் இருப்பவர்கள் எல்லாரும் குடும்பஸ்தர்கள். இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

இப்போது எனக்குக் கொடுத்திருப்பது வேறு வேலை. அமெரிக்காவில் சட்டம் மாறுகிறது. இனி எல்லா வண்டியிலும் கியர் இடது காலுக்கும் பிரேக் வலது காலுக்கும் வர வேண்டுமாம். நம் வண்டி பிறந்ததிலிருந்தே நேர்மாறு என்று உனக்குத் தெரியும். எஞ்சினைப் புதிதாகச் செய்ய வசதியில்லை. அதனால் வலது பக்கத்திலிருந்து ஒரு கம்பியைக் குறுக்கே விட்டுக் கியரை இடது பக்கத்துக்குக் கொண்டுபோகிறோம். அந்தக் கம்பியைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். பார்க்க அழகாக இல்லை, ஆனால் வேலை செய்யும்.

அன்புடன்,
ரகுநாதன்


ரெக்ஸ்டேல்
9 மார்ச் 1974

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் மார்ச் பிறந்த பிறகுதான் வந்தது. முன்பே வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, அதில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி கடைசி நாளில் இவர் ஜப்பான்காரர்களுக்குப் போன் செய்து, "என் மச்சான் ஹால்டனில் இருக்கிறார், புது மாடல் வருகிறது" என்று ஆங்கிலத்தில் பெருமையாகச் சொல்லி மறுத்துவிட்டார். ஏஜென்சி டிக்ஸன் ரோட்டில் ஒரு இத்தாலியருக்குப் போய்விட்டது. இவர் இன்று ஏணி போட்டு நம் போர்டுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கிறார். இந்தக் குளிரில் பெயிண்ட் காயாது என்று சொன்னேன், கேட்கவில்லை.

அண்ணிக்கு அன்பு.
கல்யாணி


பர்மிங்காம்
19 அக்டோபர் 1974

அன்புத் தங்கை கல்யாணிக்கு,

இத்தனை மாதம் எழுதாமல் இருந்ததற்கு மனம் கோணாதே. இருவரும் நலம்தானே?

ஆலையை மூடப்போவதாகக் கம்பெனி அறிவித்ததும் தொழிலாளர்கள் கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். செய்து முடித்த வண்டிகள் உள்ளே வரிசையாக நிற்கின்றன. வெளியே விட மாட்டோம் என்கிறார்கள். மாப்பிள்ளையின் வண்டிகளும் அதில்தான் இருக்கும். கேட்டுக்கு வெளியே ஒரு பீப்பாயில் நெருப்பு மூட்டி முறை வைத்துக் காவல் இருக்கிறார்கள். நான் போனால் டீ கொடுக்கிறார்கள், உள்ளே விடுவதில்லை. பேசி முடித்துவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நான் இப்போதைக்கு வீட்டில் இருக்கிறேன். பின்பக்கம் கொஞ்சம் தோட்டம் போட்டிருக்கிறேன். வசுமதி ஒரு பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் வேலைக்குப் போகிறாள், அவளுக்கும் பொழுது போக வேண்டுமே. மூட்டுவலி பரவாயில்லை.

ரகுநாதன்


ரெக்ஸ்டேல்
16 ஜூன் 1975

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். அண்ணி பிஸ்கட் அடுக்குவது பொழுது போவதற்காக என்று நம்புகிற அளவுக்கு நான் மக்கு இல்லை. அக்டோபரில் யார் அண்ணா தோட்டம் போடுவார்கள்? உங்களுக்குச் சிரமம் என்றால் தங்கையிடம் சொல்லக்கூடாதா?

ஆலைக் கேட்டைத் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, நான்கு வண்டிகள் ஒருவழியாக வந்து சேர்ந்தன. பெட்டியை உடைத்தபோது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, குழந்தை பிறந்த மாதிரி. பிறகு உட்கார்ந்து பார்த்தார். கியர் இடது பக்கம், பிரேக் வலது பக்கம். கோயமுத்தூரில் காலேஜ் படித்த நாளிலிருந்து இன்றுவரை இவர் வலது காலால் கியர் போட்டு, இடது காலால் பிரேக் பிடித்தவர். கடைக்குப் பின்னால் இருக்கும் கார் நிறுத்துமிடத்தில் தினமும் சாயங்காலம் சுற்றிச் சுற்றிப் பழகுகிறார். மெதுவாகப் போகும்போது சரியாகத்தான் இருக்கிறது. நேற்று ஒரு நாய் குறுக்கே ஓடியது. இடது காலை ஓங்கி மிதித்தார். கியர்தான் இறங்கியது. வண்டி நிற்கவில்லை. நாய் தப்பியது.

குகதாசன் சொல்கிறார்: "அக்கா, யோசிச்சு மிதிக்கேக்கை கால் சொல்வழி கேக்கும். பயத்திலை மிதிக்கேக்கை பழசைத்தான் மிதிக்கும். அண்ணையை உதிலை றோட்டுக்கு விடாதேங்கோ."

நான் சொன்னேன், சிரித்தார். அண்ணா, ஏஜென்சி போனது போகட்டும். இப்போது இதையாவது எழுதுங்கள். "விற்க மட்டும் செய்யுங்கள் மாப்பிள்ளை, நீங்கள் ஓட்ட வேண்டாம்" என்று. அந்தக் கம்பியை வரைந்தவரே சொன்னால் கேட்பார். உடனே எழுதுங்கள்.

கல்யாணி


ரெக்ஸ்டேல்
3 செப்டம்பர் 1975

அண்ணாவுக்கு,

ஜூனில் எழுதினேன். நீங்கள் பதில் போடவில்லை.

போன புதன்கிழமை பிக்கரிங்கில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வண்டி பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டாராம். வேனில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று குகதாசன் சொல்லியிருக்கிறார். "ஓட்டிக் காட்டாம எவன் வாங்குவான்?" என்று இவரே ஏறிப் போனார். கிங்ஸ்டன் ரோட்டில் ஒரு லாரி பக்கத்துச் சந்திலிருந்து பின்னோக்கி வந்திருக்கிறது. நிறுத்த நிறைய இடம் இருந்தது என்று போலீஸ்காரர் சொன்னார். ஏன் நிறுத்தவில்லை என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியும். அவருக்கு எப்படி விளக்குவது?

உயிருக்கு ஆபத்தில்லை. இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டது நான்தான்.

கல்யாணி


பர்மிங்காம்
13 செப்டம்பர் 1975

அன்புத் தங்கை கல்யாணி,

கடிதம் கிடைத்ததிலிருந்து வசுமதி அழுதபடி இருக்கிறாள். நாங்கள் புறப்பட்டு வரக்கூடிய நிலையில் இல்லை, அம்மா.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த நேரத்தில் கேட்கக்கூடாதுதான். அந்தக் குறுக்குக் கம்பி உடைந்திருந்ததா? கழன்றிருந்ததா? குகதாசனைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி எழுது. ஒரே ஒரு வரி. அது தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

ரகுநாதன்


ரெக்ஸ்டேல்
12 டிசம்பர் 1975

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உமாபதியின் வணக்கங்கள். வசுமதி அக்கா நலமா? இங்கே தபால்காரர்கள் வேலைநிறுத்தம் போன வாரம்தான் முடிந்தது. அதற்கு முன்பும் உங்களுக்கு எழுதச் சொல்லிக் கல்யாணியிடம் பல தடவை சொன்னேன். எழுதுகிறேன் எழுதுகிறேன் என்றாளே தவிர எழுதவில்லை போலிருக்கிறது. அதனால் நானே எழுதுகிறேன்.

கம்பி பத்திரமாக இருக்கிறது. குகதாசன் கழற்றிப் பார்த்துவிட்டான். தங்கமான வேலை. வண்டி மேல் ஒரு குறையும் இல்லை, என் கால்தான் பழைய கால். தப்புச் செய்த காலையே பார்த்து எடுத்துவிட்டார்கள், நியாயமான ஊர். நீங்கள் மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலில் சில வாரம் நான் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தது உண்மை. மரக்கால் வேண்டாம் என்றேன். பிறகு ஒரு யோசனை வந்தது. நம் பழைய வண்டிகளில் கியர் வலது கால். எனக்கு வலது கால் இருக்கிறது. இடது கால் பிரேக்கை மட்டும் கைக்கு மாற்றிவிட்டால் போதும்! அதற்கு நீங்கள் ஒரு படம் வரைந்து அனுப்ப வேண்டும். இந்த யோசனை வந்த நாளிலிருந்து மரக்காலைக் கட்டிக்கொண்டு தினமும் நடக்கிறேன். நேற்று ஆஸ்பத்திரி லிப்ட் வரை போய் வந்தேன். நர்ஸ் அம்மா கை தட்டினாள்.

புது மாடல் எந்த நிலையில் இருக்கிறது? ஏப்ரலுக்குள் ஒன்றாவது வந்துவிட்டால் ஷோரூம் ஜன்னலில் நிறுத்துவேன். அந்த இத்தாலியன் பார்க்கட்டும்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
உமாபதி


பர்மிங்காம்
4 ஜனவரி 1976

அன்புத் தங்கை கல்யாணிக்கு,

மாப்பிள்ளையின் கடிதம் வந்தது. அவருக்குப் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

ஹால்டன் மூடியாகிவிட்டது. அரசாங்கம் இனி உதவ முடியாது என்று சொல்லிவிட்டது. மிஷின்களை ஏலம் போட்டுவிட்டார்கள். நான் வரைந்த மேஜையைக்கூட ஒருவன் காரின் மேலே கட்டி எடுத்துக்கொண்டு போனான். புது மாடல் என்று ஒன்று கிடையாது. மரத்தில் செய்த எஞ்சின் ஒன்று இருந்தது, அவ்வளவுதான். நீ முதல் கடிதம் எழுதிய குளிர்காலத்திலேயே எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஜூனில் நீ எழுதியதற்கும் பதில் எழுதத் தொடங்கினேன். எங்கள் வண்டியை ஓட்டாதீர்கள் என்று என் கையால் எழுத வேண்டியிருந்தது, அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

காலம் கடந்துதான் எழுதுகிறேன், நீ கேட்ட வரி இதுதான்: ஜப்பான் ஏஜென்சியை எடுத்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை. இதை அவரிடம் காட்டு. போர்டைக் கழற்றச் சொல்.

ரகுநாதன்


ரெக்ஸ்டேல்
1 பிப்ரவரி 1976

அன்புள்ள அண்ணாவுக்கு,

இவர் வீட்டுக்கு வந்துவிட்டார், இங்கே நாங்கள் இருக்கிறோம். அண்ணிக்கு வேலை கடினமாக இல்லையே?

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்றபடி படித்தேன். ஹாலிலிருந்து இவர், "மச்சான் என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்டார். வாயைத் திறந்தேன். "அண்ணிக்கு மூட்டுவலி தேவலையாம்" என்றேன். "படம்?" என்றார். "அடுத்த கடிதத்தில் அனுப்புகிறாராம்" என்றேன்.

கடை போய்விட்டது, அண்ணா. கட்டடச் சொந்தக்காரர் புத்தாண்டுக்கு முன்பே சாவியை வாங்கிக்கொண்டார். குகதாசன் இப்போது டிக்ஸன் ரோட்டில் அந்த இத்தாலியரிடம் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை இங்கே வரும்போது மட்டும் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறார், முதுகில் ஹால்டன் என்று எழுதிய சட்டை. போர்டைக் கழற்றி எங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இவர் குனிய முடியாது, பார்க்க மாட்டார். ஹால்டன் மூடிய செய்தி செய்தித்தாளில் வந்த அன்று அந்தப் பக்கத்தில் உருளைக்கிழங்குத் தோலைச் சுற்றிப் போட்டுவிட்டேன். பனிக்காலம் என்பதால் கடை பூட்டிக் கிடப்பதாக இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டு வருடமாக உண்மையை எழுதுங்கள் எழுதுங்கள் என்று உங்களைக் கெஞ்சினேன். இன்று அது என் கையில் இருக்கிறது, இவரிடம் கொடுக்க எனக்குத் தெம்பில்லை. இவர் மரக்காலைக் கட்டிக்கொண்டு எழுவது அந்த வண்டியில் ஏறத்தான். வண்டி இல்லை என்று தெரிந்தால் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். நீங்கள் அன்றைக்கு ஏன் எழுதவில்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது. புரிந்ததால் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். போகவில்லை.

அதனால் இவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கைப் பிரேக் படத்தை வரைந்து அனுப்புங்கள், நன்றாக, அளவுகளோடு. வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்கிறபோது ஊன்றி நிற்க இன்னொரு கால் வேண்டும் என்பது இவருக்கு இன்னும் தோன்றவில்லை. நீங்கள் சொல்ல வேண்டாம். புது மாடல் வேலை நடக்கிறது, கொஞ்சம் தாமதமாகும் என்று எழுதுங்கள். அது உங்களுக்கு வராத காரியமில்லை.

ஏப்ரலில் பனி கரைந்தால் கடைச் சாவி எங்கே என்று கேட்பார். அதற்குள் இவர் மாடிப்படி இறங்கப் பழகிவிட வேண்டும். பிறகு நானே சொல்லிக்கொள்கிறேன். கடிதம் அதற்கு முன்னால் வந்து சேர வேண்டும். தாமதம் செய்யாதீர்கள், அண்ணா. இந்த ஒரு தடவையாவது.

உங்கள் தங்கை,
கல்யாணி